மறைப்பா, பூவா? வேலிச்செடிகளுள் எதைத் தேர்ந்தெடுப்பது

வேலிச்செடி தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளோடு நாற்றங்காலுக்குள் நுழைகிறார்கள். வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காதபடி தோட்டம் மறைய வேண்டும். அந்த மறைப்பு பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே செடியில் கிடைத்துவிடும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் வேலிக்கு ஏற்ற பூச்செடிகளில் பெரும்பாலானவை கிளை நுனியில்தான் மொட்டு விடுகின்றன. செடியை அடர்ந்த பசுஞ்சுவராக நிறுத்துவதற்கு அதே நுனியைத்தான் நாம் அடிக்கடி நறுக்க வேண்டியிருக்கிறது. கத்தரி ஓட ஓட மறைப்பு கூடும், பூ குறையும். எனவே எது வேகமாக வளரும், எது நிறையப் பூக்கும் என்று கேட்பதற்கு முன்னால், வெட்டுப் பட்ட பிறகு எந்தச் செடி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு என்பது என் கருத்து.

அதற்கும் முன்னால் உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தெருவில் நடப்பவரின் கண் ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவர் பார்வையைத் தடுக்க 1.8 முதல் 2 மீட்டர் வேலி போதும். மாடி ஜன்னலிலிருந்து வரும் பார்வைக்கு மிக உயரமான மரவரிசை வேண்டும் என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். அது எல்லா இடத்திலும் உண்மையல்ல. எல்லையிலிருந்து 10 மீட்டர் தள்ளி, 4.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் ஜன்னலோரம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு உட்புறம் 3 மீட்டர் தள்ளி நாற்காலியில் அமர்ந்திருக்கும் உங்கள் தலை 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருடைய பார்வைக்கோடு எல்லையைக் கடக்கும் உயரம் 2 மீட்டருக்குச் சற்றுக் கீழேதான். அதே நாற்காலியை 8 மீட்டர் உள்ளே போட்டால் அந்த உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டராகிவிடுகிறது. அமரும் இடத்தை வேலியை ஒட்டி மாற்றினாலே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வளர்க்கத் தேவையில்லாமல் போகலாம். உயரம் குறைந்தால் ஏணி வேண்டாம், கவாத்து (கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது) எளிது, செடித் தேர்வும் விரிவடைகிறது.

டுராண்டாவும் காமினியும்

வேகத்தை விரும்புகிறவர்கள் முதலில் எடுப்பது டுராண்டா. பொன்மஞ்சள் இலை வகையே அதிகம் நடப்படுகிறது. நல்ல வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் ஓராண்டிலேயே இடுப்பளவு வந்துவிடும். போத்து வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் என்பதால் விலையும் குறைவு. ஆனால் அந்த வேகம் நடுகிற ஆண்டோடு நின்றுவிடுவதில்லை. வளரும் பருவத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கத்தரி பிடிக்காவிட்டால் நீண்ட தளிர்கள் வளைந்து வெளியே நீட்டிக்கொள்கின்றன. நிழல் விழும் பகுதியில் பொன்னிறம் மங்கி வெறும் பச்சையாகிவிடுகிறது. சில ஆண்டுகள் இப்படி மேலோட்டமாகவே வெட்டப்பட்டு வந்த ஒரு டுராண்டா வேலியின் கிளைகளை இரு கைகளாலும் விலக்கிப் பார்த்தால் அதன் உண்மை நிலை தெரியும். வெளியே ஒரு சாண் தடிமனுக்குத்தான் இலை. அதற்குள்ளே ஒன்றோடொன்று பின்னிய வெறுங்குச்சிகள், அவற்றின் கவட்டைகளில் சிக்கிய சருகு, தரையோரத்தில் ஒரு முழ உயரத்துக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம். வேலியில் ஓரிடத்தில் சற்று ஆழமாக வெட்டிவிட்டால் அந்தக் குச்சிகள் வெளியே தெரிய, மறுபடி துளிர்த்து மூடும்வரை ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். வெட்டாமல் விட்டால் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் ஆரஞ்சு நிறச் சிறு பழங்கள் நஞ்சுடையவை. சிறு குழந்தைகள் ஓடியாடும் தோட்டத்தில் இது சாதாரணக் குறை அன்று.

காமினி இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இது மெதுவாக வளரும். ஆளை மறைக்கும் அளவுக்கு வர மூன்று ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும். பொறுத்தவர்களுக்குக் கிடைப்பது சிறிய, பளபளப்பான, கரும்பச்சை இலைகள் நெருங்கிய ஒரு வேலி. ஓரளவு நிழலையும் இது தாங்குவதால் உட்கிளைகளில் இலை நீண்ட நாள் தங்குகிறது. முதிர்ந்த கிளையை வெட்டினாலும் அதிலிருந்தே துளிர்க்கிறது. பூவைப் பொறுத்தவரை இதன் வழக்கம் வேலிக்கு மிகவும் இணக்கமானது. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பூக்காமல், மழைக்குப் பிறகு வேலி முழுவதும் ஒரே வீச்சில் வெண்ணிறமாகப் பூத்து, எலுமிச்சம்பூவை நினைவூட்டும் மணத்தைப் பரப்பிவிட்டுச் சில நாட்களில் உதிர்ந்துவிடுகிறது. ஒரு வீச்சு முடிந்ததும் கவாத்துச் செய்தால் அடுத்த வீச்சுக்கான தளிருக்கும் காலம் கிடைக்கிறது. கத்தரிக்கும் பூவுக்கும் இடையிலான சண்டை இங்கே ஏறத்தாழ ஓய்ந்துவிடுகிறது என்பதாலேயே, ஒரே செடியைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் காமினியைச் சொல்வேன்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சி, காமினியின் இளந்தளிரில் விருப்பத்தோடு முட்டையிட்டுப் பெருகும். அருகில் எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு மரங்கள் இருந்தால் காமினி வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போன்ற இடங்களில் பறவைகள் இதன் சிவப்புப் பழங்களைத் தின்று விதைகளைக் காடுகளுக்குள் கொண்டுசெல்வதால் இது களையாகவும் மாறியிருக்கிறது. அத்தகைய பகுதியில் வாழ்பவர்கள் உள்ளூரின் களைப் பட்டியலைப் பார்த்துவிட்டே நட வேண்டும்.

செம்பருத்தியும் காகிதப்பூவும்

பூவே முதன்மை என்பவர்கள் இவ்விரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுவார்கள். செம்பருத்தியின் ஒவ்வொரு பூவும் பெரும்பாலான வகைகளில் ஒரு நாள்தான் நிற்கும்; ஆனால் புதுத்தளிர் வந்துகொண்டே இருக்கும்வரை மொட்டும் வந்துகொண்டே இருக்கும். இலை அகலமானது, அடர்த்தியானது, ஆண்டு முழுவதும் பச்சை. இதை மட்டம் வைத்துச் சதுரமாக வெட்டுவதுதான் தவறு. எல்லா நுனிகளையும் ஒரே சமயத்தில் நறுக்கும்போது வரவிருந்த மொட்டுகள் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு கிளைகளை மட்டும் தேர்ந்து, வேறு வேறு ஆழத்தில் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, சில வாரங்கள் கழித்து அடுத்த பங்கை எடுத்தால் வேலியும் அடர்த்தியாக இருக்கும், பூவும் நிற்காது. இப்படி வளர்க்கப்படும் செம்பருத்திக்கு ஒன்றரை மீட்டர் அகலமாவது இடம் விட வேண்டும். மாவுப்பூச்சிதான் இதன் பெரிய எதிரி; காற்றோட்டம் இல்லாத நெருக்கத்தில் அது வெகு விரைவில் வேலி முழுவதும் பரவும். நுனித்தளிர் சுருண்டு வெண்பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்த உடனே அந்தப் பகுதியை வெட்டி அப்புறப்படுத்துவது, பிறகு மருந்து தெளிப்பதைவிடப் பயன் தரும்.

காகிதப்பூவில் நாம் பூ என்று ரசிப்பது வண்ணம் பூண்ட பூவடிச் செதில்களை. உண்மையான பூ அவற்றின் நடுவே இருக்கும் சிறிய வெண்குழல். செதில் என்பதாலேயே அது நாட்கணக்கில் வாடாமல் வாரக்கணக்கில் நிற்கிறது. முள்ளும் உண்டு, எனவே நுழைவதைத் தடுக்கும் வேலியாக செம்பருத்தியைவிட இது பல மடங்கு மேல். ஆனால் தன்னந்தனியாக நிமிர்ந்து நிற்கும் இயல்பு இதற்கு இல்லை. கம்பிவலையோ சட்டகமோ இருந்தால்தான் ஒழுங்கான வேலியாகும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இலை மட்டுமே மிஞ்சும். அன்பு மிகுதியால் தினமும் நீரூற்றி, தழைச்சத்து உரத்தையும் அள்ளிப் போடுகிறவர்களின் காகிதப்பூ கொழுத்த பச்சைக்கொடியாக நிற்பதற்கும் காரணம் அதுதான். மண் காய்ந்து அடுத்த நீர் பாய்வதே அதற்குப் பிடிக்கும். தடித்த தோல் கையுறை இல்லாமல் இதைக் கவாத்துச் செய்ய முடியாது. ஆட்கள் உரசிக்கொண்டு போகும் குறுகிய நடைபாதையோரத்தில் இதை நடுவதை நான் ஏற்பதில்லை.

உயரம் உண்மையிலேயே வேண்டுமென்றால்

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் நான்கு மீட்டருக்கு மேல் மறைப்பு தேவைப்பட்டால் நெட்டிலிங்கமும் மூங்கிலும்தான் போட்டியில் நிற்கும். கிளைகள் தொங்கும் நெட்டிலிங்க வகை அகலம் வேண்டாமல் உயரம் மட்டும் கொடுப்பது, 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் ஒற்றை வரிசையாக நட்டால் போதும். பூவின் அழகு இதில் எதிர்பார்க்க வேண்டாம். மூங்கிலைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அது தூர் கட்டும் இனமா, வேர்த்தண்டு ஓடும் இனமா? தூர் கட்டும் இனம் நட்ட இடத்திலேயே மெல்லப் பருக்கும். காற்றில் அசையும் மென்மையான திரையாக அது அருமையான தேர்வு. ஓடும் இனமோ மண்ணுக்கடியில் மீட்டர் கணக்கில் பயணித்துப் பக்கத்துத் தோட்டத்தில் முளைக்கும். 60 முதல் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடுப்புத்தகடு புதைக்காமல் அதை நடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநீதி.

மருதாணியும் இட்லிப்பூவும் துணைத் தேர்வுகளே. மருதாணி வறட்சியைத் தாங்கும், வெட்ட வெட்ட அடரும், முதிர்ந்த கிளையில் முள்ளும் வைக்கும்; ஆனால் கடும் வறட்சியில் இலையை உதிர்த்துவிடுவதால், மறைப்பு மிகவும் வேண்டிய மாதங்களில் ஊடுருவிப் பார்க்கும்படி ஆகிவிடலாம். இட்லிப்பூ மெதுவாக வளரும் குட்டை வேலி. சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரமண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் அதன் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக வெளுக்கும். அரளியின் எல்லாப் பகுதிகளும் கடும் நஞ்சு, அதன் கழிவை எரிக்கும் புகையும்கூட. வீட்டுத்தோட்ட வேலிக்கு நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

குளிர்நாடுகளில் செடிகள் வேறானாலும் போட்டி இதேதான். ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை உயரும் லேலண்ட் சைப்ரஸ் என்ற ஊசியிலை மரத்தை அவசரத்துக்கு நட்டவர்கள் ஏராளம். அதன் பழுப்பேறிய பழைய கிளைவரை வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்காது. எனவே ஓரிரு ஆண்டு கவனிக்காமல் விட்ட வேலியைப் பச்சையோடு சுருக்கவே முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து அண்டை வீட்டின் வெளிச்சத்தை மறைக்கும் பசுமைமாறா வேலிகள் குறித்து முறையிட 2003ஆம் ஆண்டின் சட்டத்தில் தனிப் பகுதியே சேர்க்க வேண்டியிருந்தது. மெதுவாக வளரும் யூ மரமோ அடிமரத்தில் வெட்டினாலும் துளிர்க்கக்கூடியது. இலையுதிர் மரமான பீச், வேலியாக வெட்டி வளர்க்கும்போது காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுவதும் உதிர்க்காமல் பிடித்துக்கொள்கிறது. செம்பழுப்பு நிறத்தில் அதுவும் ஒரு மறைப்புதான்.

நடும் முறை

தனித்தனிக் குழிகளைவிட 45 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் கொண்ட நீளமான வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணோடு மட்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்புவது நல்லது; எல்லாச் செடிகளுக்கும் ஒரே மாதிரியான மண் கிடைப்பதால் வரிசை சீராக உயரும். காமினிக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர், செம்பருத்திக்கு 75 முதல் 90, காகிதப்பூவுக்கு ஒரு மீட்டருக்கு மேல், மருதாணிக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம். சீக்கிரம் மூட வேண்டும் என்று இதைவிட நெருக்கி நட்டால் செடிகள் ஒளிக்குப் போட்டியிட்டு மேல்நோக்கி ஓடி, அடியில் இலையை இழக்கும். மதிலிலிருந்து 75 சென்டிமீட்டராவது தள்ளி நட வேண்டும். பின்புறத்தை வெட்ட ஓர் ஆள் நுழைந்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாற்றுப்பையைக் கிழித்ததும் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிட்டு, பையில் இருந்த அதே மண்மட்டத்துக்கு நடவும்.

நட்ட சில வாரங்களில் செடி வேர் பிடித்து புதுத்தளிர் விட்டதும் மேல்நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். உயரத்துக்காக ஏங்கும் கண்ணுக்கு இது வேதனையாகத்தான் இருக்கும். ஆனால் வளர்நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் கீழ்க்கணுக்களின் மொட்டுகளை உறங்கவைக்கிறது. அந்த நுனி போனால்தான் அடியிலிருந்து பக்கக்கிளைகள் கிளம்பும். இரண்டு மீட்டர் வரை வளரவிட்டு அதன்பின் வெட்டத் தொடங்கியவர்களின் வேலி மேலே குடையாகவும் கீழே வெறுங்காலாகவும் நிற்கும். அடியை மட்டும் பிறகு அடர்த்தியாக்க வழியில்லை, ஒட்ட வெட்டி முதலிலிருந்து வளர்ப்பது ஒன்றுதான் தீர்வு. வடிவத்தில் அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் இருக்குமாறு பக்கங்களைச் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போதுதான் கீழ் இலைகளுக்கும் வெயில் விழும்.

முதல் ஆண்டு முழுவதும் செடியடி மண்ணை இலைதழையால் மூடி (மூடாக்கு), தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதற்குப் பதில் சில நாட்களுக்கு ஒருமுறை வேர் ஆழம்வரை நனையுமாறு நீர் பாய்ச்சவும். இடையில் ஒரு செடி பட்டுப்போனால் உடனே மாற்றிவிட வேண்டும். வளர்ந்த வேலியின் நடுவே பிறகு வைக்கும் இளஞ்செடி, இருபுறத்து வேர்களோடும் நிழலோடும் போராடித் தேறுவது அரிது. அந்த நிலையில் புதுச்செடி வைப்பதைவிட, பக்கத்துச் செடிகளின் கிளைகளை வளைத்து இடைவெளியில் கட்டிவிடுவதே விரைவில் ஓட்டையை அடைக்கும்.