ஃபெனிட்டாயினா, லெவெடிரசிட்டாமா? மலையில் இருப்பவரின் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் தந்தை வலிப்பு நோய்க்காகப் பல ஆண்டுகள் ஃபெனிட்டாயின் என்ற மருந்தை உட்கொண்டு வந்தார். பின்னர் கோவை நரம்பியல் மருத்துவரின் ஆலோசனைப்படி படிப்படியாக லெவெடிரசிட்டாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு மாறினார். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவன் என்ற முறையில் என் சாய்வு பின்னதன் பக்கம்தான். எந்த வகை வலிப்புக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பக்கவிளைவுகளையும் அவற்றைக் கண்காணிக்கும் சுமையையும் மட்டுமே இங்கே ஒப்பிடுகிறேன்.

விலையில் ஃபெனிட்டாயினே மலிவு. லெவெடிரசிட்டாமின் பொதுப்பெயர் மாத்திரை மக்கள் மருந்தகங்களில் கிடைப்பதால் அந்த இடைவெளி முன்போல் பெரிதாக இல்லை.

தீர்மானிக்கும் விஷயம் இரத்தப் பரிசோதனைதான். 1938 முதல் வழக்கத்தில் இருக்கும் ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நெருங்கியபின் மாத்திரையின் அளவைச் சிறிது கூட்டினாலும், அடுப்பிலிருக்கும் பால் பொங்குவதுபோல் இரத்தத்தில் மருந்தின் அளவு திடீரென ஏறிவிடும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை என்பதே பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வரம்பு. அதைத் தாண்டினால் கண்விழி தானாக ஆடுவதும், நடை தள்ளாடுவதும், பேச்சு குழறுவதும் தொடங்கும். சமதளத்தில் தள்ளாட்டம் சங்கடம் மட்டுமே. ஈரமான தேயிலைச் சரிவில், தலையில் இலை மூட்டையுடன் மண்படியில் இறங்குபவருக்கு அது எலும்பு முறிவில் முடியலாம். எலும்பைப் பொறுத்தவரை இன்னொரு கவலையும் உண்டு, ஏனெனில் நீண்ட காலம் உட்கொண்டால் இம்மருந்தே வைட்டமின் டி-யைக் குறைத்து எலும்பை மெலியச் செய்யக்கூடும்.

அளவை மாற்றும்போதெல்லாம், அது நிலைபெறச் சில வாரங்கள் காத்திருந்து, காலை மாத்திரைக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர் ஆய்வகத்தில் இந்தச் சோதனை இல்லாததால், ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் முதல் பேருந்தைப் பிடித்து மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்குவோம். அன்றைய இலைப்பறிப்பு போய்விடும். காசநோய்க்கான ஐசோனியாசிட், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் போன்றவை சேர்ந்தால் ஃபெனிட்டாயின் அளவு உயரும் என்பதால், வேறு எந்த நோய்க்கு மாத்திரை வாங்கினாலும் அதைச் சொல்லியே வாங்க வேண்டியிருந்தது. ஈறு வீங்கி, பல் துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசிந்ததும் அந்தக் காலத்தில்தான்.

லெவெடிரசிட்டாமுக்கு இரத்த அளவை வழக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதன் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தச் சோதனையைப் பார்த்து அளவைத் தீர்மானிக்கிறார்கள். அந்தச் சோதனை எங்கள் ஊரிலேயே நடக்கும். ஆனால் ஆய்வகத்தில் பார்க்கும் வேலை குறைந்த அளவுக்கு வீட்டில் பார்க்கும் வேலை கூடியது. எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் இதன் தெரிந்த பக்கவிளைவுகள். தொடங்கிய சில வாரங்களில், காப்பியில் சர்க்கரை குறைந்தது என்று அப்பா டம்ளரைத் தட்டிவிட்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்தவர் அல்லர். அன்றிலிருந்து அம்மா நாட்காட்டித் தாளில் கோபம் வந்த நாள்களைப் புள்ளியிட்டு வைத்தார். அதைப் பார்த்த மருத்துவர் அளவை உயர்த்தும் வேகத்தைக் குறைத்தார், புள்ளிகளும் குறைந்தன. எல்லோருக்கும் இப்படி அடங்கும் என்று என்னால் கூற இயலாது. தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இது வலிப்பு மருந்துகள் அனைத்துக்கும் பொருந்தும். லெவெடிரசிட்டாம் தொடங்கிய 2 முதல் 8 வாரங்களுக்குள் காய்ச்சலோடு தடிப்பும் முகவீக்கமும் சேர்ந்து வந்தால் அபூர்வமான கடும் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது.

மற்றொரு வலிப்பு மருந்தான கார்பமசெபைனை எங்கள் வீட்டில் யாரும் உட்கொண்டதில்லை. இரத்தத்தில் சோடியம் குறைவதையும் தோல் தடிப்பையும் கவனிக்கச் சொல்வார்கள் என்பதற்கு மேல் அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடத்தையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது என்பதால், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இந்த ஒப்பீடே வேறு விதமாக அமையும்.

ஃபெனிட்டாயினுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது உடலில் நெடுநேரம் தங்குவதால் பலருக்கு நாளுக்கு ஒரு வேளை போதும். பெரியவர்களுக்கு லெவெடிரசிட்டாம் 6 முதல் 8 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், சாதாரண மாத்திரையை இரு வேளையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். எதையுமே திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரக்கூடும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது இங்கே புதிதல்ல. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறோம்.