பேக்கப் சாப்ட்வேர் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் டிசைன் ஸ்டூடியோ, பிரிண்டிங் யூனிட், போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருப்பதை இன்னொன்றுக்குத் தானாகவே நகலெடுத்துவிடும் என்று சொல்லி ஒரு கணினிக் கடை எங்களுக்கு ஒரு சாப்ட்வேரை விற்றது. அதே சாப்ட்வேர், அந்தக் கடையின் ஆள் எங்கள் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, நாங்கள் பல வருடம் சேர்த்த ஆர்ட்ஒர்க் முழுவதையும் வழித்துத் துடைத்துவிட்டது. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். பெயர் தெரியாமலேயே நீங்கள் தப்பித்துக்கொள்ளத் தேவையான விவரம் எல்லாம் கீழே இருக்கிறது.

எங்கள் தொழில் பனியன் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் டிசைன். பையர் (ஆர்டர் கொடுக்கும் கம்பெனி) அனுப்பும் படத்தைக் கலர் கலராகப் பிரித்து, ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிலிம் எடுத்துக் கொடுப்போம். ஆர்டர் முடிந்ததும் யூனிட்டில் ஸ்கிரீனைக் கழுவி அடுத்த டிசைனுக்கு வைத்துக்கொள்வார்கள். பிலிம் நாளடைவில் கீறல் விழுந்து உதவாமல் போகும். மிஞ்சுவது ஃபைல் மட்டும்தான். அடுத்த சீசனில் மெர்ச்சண்டைசர் (பனியன் கம்பெனியில் ஆர்டரைக் கவனிப்பவர்) போன் செய்து, "அக்கா, அந்தப் பட்டாம்பூச்சி டிசைனுக்கு ரிபீட் ஆர்டர் வந்திருக்கிறது, துணி மட்டும் நேவி, நாளைக்குள் ஸ்ட்ரைக் ஆஃப் வேண்டும்" என்பார். ஸ்ட்ரைக் ஆஃப் என்றால் மாதிரிக்கு அச்சடித்துக் காட்டும் துணி. ஃபைல் இருந்தால் சிறிது நேர வேலை. இல்லாவிட்டால் முதலிலிருந்து வரைந்து, பிரித்து, பேண்டோன் நம்பர் (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள பொது எண்) பொருத்தி, மறுபடி அப்ரூவலுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள், டிசைனுக்குத்தான் போன வருடமே கொடுத்தாயிற்றே என்பார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான். மற்றவர்களுக்குத் தோட்டம் துரவு எப்படியோ, எங்களுக்கு அந்த டிஸ்க் அப்படி.

எல்லாம் ஒரே டிஸ்கில் கிடக்கிறதே என்ற பயத்தில்தான் இரண்டாவதாக ஒரு 4 டிபி டிஸ்க் வாங்கப் போனோம். கடைக்காரர் வயதில் மூத்தவர், பேச்சில் குறை சொல்ல முடியாது. "டிஸ்க் மட்டும் வாங்கி என்ன பிரயோசனம் அம்மிணி? தினமும் யார் உட்கார்ந்து காப்பி போடுவது? ஒரு சாப்ட்வேர் போட்டுத் தருகிறேன். செருகினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார். ஆயுள் முழுக்க லைசென்ஸ் என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு, "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு?" என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 'ஹார்ட் டிஸ்க் + சாப்ட்வேர்' என்று ஒரு வரி, கீழே மொத்தத் தொகை. சாப்ட்வேரின் பெயர்கூட அதில் இல்லை.

அவரிடம் நான் தெளிவாகவே கேட்டேன்: "முதல் டிஸ்கில் யாராவது கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால், இரண்டாவதில் அது இருக்குமா?" அவர் சொன்ன பதில்: "இருக்காமல் எங்கே போகும்? அதற்குத்தானே பேக்கப்!"

பச்சைப் பொய். சாப்ட்வேரைப் போட வந்த தம்பி அதை 'மிரர்' முறையில் அமைத்துவிட்டுப் போனான். மிரர் என்றால், இடது பக்கம் இருப்பது அப்படியே வலது பக்கமும் இருக்க வேண்டும். இடது பக்கம் இல்லாத எதுவும் வலது பக்கமும் இருக்கக் கூடாது. முதல் டிஸ்கில் ஒரு ஃபைல் அழிந்தால் அடுத்த முறை செருகியதும் இரண்டாவதிலும் அழியும். அழிந்தது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. பழைய பதிப்புகளைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும் வசதி அந்தச் சாப்ட்வேரிலேயே இருந்தது, அதை இயக்கவில்லை. இது போதாதென்று, எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்பதை 'இ' டிரைவிலிருந்து 'எஃப்' டிரைவுக்கு என்று எழுத்தை வைத்தே குறித்திருந்தான். செருகியதும் கேட்காமலே ஓடும்படியும் வைத்திருந்தான்.

விண்டோஸில் அந்த எழுத்து டிஸ்குக்குச் சொந்தமானதல்ல. புது டிஸ்கைச் செருகினால் அந்த நேரத்தில் எது காலியோ அது கிடைக்கும். நடந்ததும் அதுதான்.

முதல் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. வாரண்டியில் இருந்ததால் கடையே வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பியது. மாற்று டிஸ்க் வரும், பழையது திரும்பி வராது. வாரண்டி டிஸ்குக்குத்தான், அதன் உள்ளே இருப்பதற்கு இல்லை. பரவாயில்லை, இரண்டாவதில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்று நிம்மதியாகவே இருந்தோம்.

மாற்று டிஸ்கை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி வந்தது ஒரு சனிக்கிழமை. நான் சம்பளக் கவர் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது டிஸ்க் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் செருகியபடி இருந்தது. அவன் புதியதைச் செருகினான். காலியாக இருந்த 'இ' அதற்குக் கிடைத்தது. திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்து வேலை தொடங்கியது என்றது. பழைய டிஸ்கின் நீல விளக்கு படபடவென்று சிமிட்ட ஆரம்பித்தது. "நாம் இன்னும் எதையும் தொடவில்லையே தம்பி, அது என்ன செய்கிறது?" என்று கேட்டேன். "சரிபார்க்கிறது அக்கா, முடித்துவிடும்" என்றான். சொன்னபடியே முடித்துவிட்டது. இரண்டு டிபிக்கு மேல் இருந்ததை நகலெடுக்க மணிக்கணக்கில் ஆகும். இது அவன் டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. பச்சை டிக் குறி, 'வெற்றிகரமாக முடிந்தது, பிழைகள்: 0'.

காலி டிஸ்கைப் பார்த்து, அதே போல நிறைந்த டிஸ்கையும் காலி செய்திருந்தது.

இதுவரை நடந்ததையாவது கவனக்குறைவு என்று சொல்லலாம். அடுத்து நடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் உள்ளே இருப்பது உடனே போய்விடாது. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதன்மேல் புதிதாக எதுவும் எழுதாத வரை மீட்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அந்த நிமிடமே டிஸ்கைக் கழற்றி வைத்திருந்தால் பெரும்பகுதி அப்படியே கிடைத்திருக்கும். அந்தத் தம்பி பதறிப்போய் இணையத்திலிருந்து ஏதோ ஒரு மீட்புச் சாப்ட்வேரை இறக்கினான். அது கண்டுபிடித்துக் கொடுத்த ஃபைல்களை அதே டிஸ்கிலேயே சேமித்தான். மீட்ட ஒவ்வொரு ஃபைலும் இன்னும் மீட்காத ஒன்றின் தலைமேல் போய் உட்கார்ந்தது. கடைக்குப் போன் செய்து கேட்டதற்கு, "எங்கள் ஆள் மீட்டுக்கொண்டுதானே இருக்கிறான்" என்று பதில்.

கடைசியில் கோயம்புத்தூரில் தரவு மீட்பு செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் டிஸ்கை நேரடியாகத் தொடாமல் முதலில் அதன் முழு நகலை வேறொரு டிஸ்கில் எடுத்துக்கொண்டு, நகலில்தான் வேலை செய்தார். முறை என்றால் அதுதான். 28,000 ரூபாய் ஆயிற்று. பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. கிடைத்ததிலும் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை, ஃபோல்டரும் இல்லை. ஃபைலின் உள்ளமைப்பை வைத்துத் தேடி எடுக்கும்போது பெயர் கிடைக்காது, வரிசை எண்தான் மிஞ்சும். இப்போது எந்த மெர்ச்சண்டைசர் ஸ்டைல் நம்பர் சொன்னாலும், எங்கள் பெண்கள் எண் எண்ணாகத் திறந்து பார்த்துச் சிங்கம் எது, மண்டை ஓடு எது, பட்டாம்பூச்சி எது என்று தேடுகிறார்கள். சில ஃபைல் மேல்பாதி படமாகவும் கீழ்பாதி சாம்பல் நிறப் பட்டையாகவும் திறக்கிறது. கணக்கு ஃபோல்டரும் இதே டிஸ்கில்தான் இருந்தது. ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஆடிட்டரிடம் நகல் இருந்ததால் அதில் தப்பித்தோம்.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "சாப்ட்வேர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது அம்மிணி." அவர் சொன்னதில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

ஆயுள் லைசென்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமைப்புகளைப் பார்க்கலாம் என்று பிறகு திறந்தபோது, காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்று வந்தது. தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். அது பல கம்ப்யூட்டருக்குச் சேர்த்து விற்கப்பட்ட ஒரு வருட லைசென்ஸ், அந்த எண் எங்கள் பெயரில் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. ஒரு பொட்டலத்தை வாங்கி உதிரியாக விற்றிருக்கிறார்.

இப்போது சாப்ட்வேர் விஷயம். இந்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுடனேயே ரோபோகாப்பி என்ற கட்டளை வருகிறது. அதில் 'ஈ' (/E) என்ற சுவிட்ச், அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் குறி, போட்டால் உள்ஃபோல்டர்களோடு நகலெடுக்கும், எதையும் அழிக்காது. 'எம்.ஐ.ஆர்.' (/MIR) போட்டால் அதுதான் மிரர், எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். 'எல்' (/L) சேர்த்தால் எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். யாராவது உங்களுக்கு இதை எழுதிக் கொடுத்தால் முதலில் 'எல்' சேர்த்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லினக்ஸில் ஆர்சிங்க் இருக்கிறது. அது தானாக அழிக்காது, 'டெலீட்' என்று தனியாகச் சொன்னால்தான் அழிக்கும். ஒத்திகை பார்க்கும் வசதியும் உண்டு. மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் இருக்கிறது, பழைய பதிப்புகளை அதுவே தேதி வாரியாக வைத்துக்கொள்ளும்.

கட்டளை எழுத வராதவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் நல்லது. நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு இலவசம்; தொழிலுக்கு வைத்துக்கொள்கிறவர்கள் லைசென்ஸ் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். அதில் எனக்குப் பிடித்தது மூன்று விஷயம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, எது நகலாகும், எது அழியும் என்று முதலில் காட்டும். அழிப்பதையும் மாற்றுவதையும் உடனே தூக்கி எறியாமல், நாம் காட்டும் ஒரு ஃபோல்டரில் தேதியோடு ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். டிரைவ் எழுத்துக்குப் பதிலாக டிஸ்கின் பெயரை வைத்தே வழி குறிக்கலாம். இரண்டு பக்கமும் பெரிய அளவில் வேறுபட்டிருந்தால், சரியான ஃபோல்டரைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று நிறுத்திக் கேட்கவும் செய்யும். அந்தச் சனிக்கிழமை அப்படி ஒரு கேள்வி திரையில் வந்திருந்தால் எங்களுக்கு 28,000 ரூபாய் மிச்சம்.

டிஸ்குகளுக்குப் பெயர் வைப்பதை இரண்டு நிமிட வேலை என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரே கம்பெனி டிஸ்க் இரண்டு வாங்கினால் இரண்டிலும் கம்பெனி வைத்த ஒரே பெயர்தான் இருக்கும். எங்களுடையவை இப்போது 'மூலம்', 'நகல்1', 'நகல்2'. உள்ளே வைத்த அதே பெயர் வெளியே ஸ்டிக்கரிலும் ஒட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பெரிய ஃபைலாகத் தனக்கே உரிய வடிவில் வைக்கிற சாப்ட்வேர்களும் உண்டு. இடம் மிச்சமாகும், ஆனால் அதே சாப்ட்வேர் இல்லாமல் திறக்க முடியாது. லைசென்ஸ் முடிந்த பிறகும் மீட்க விடுமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். எங்களுடையது அப்படிப்பட்டதல்ல; அப்படி இருந்திருந்தால் வேறு மாதிரி அழுதிருப்போம். மாதாந்திர மின்தடை அன்று பாதியில் நின்ற நகலையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான சாப்ட்வேர்கள் ஃபைலின் நேரத்தையும் அளவையும் மட்டும் பார்த்து ஒன்றுதான் என்று விட்டுவிடும். உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும் வசதியை மாதம் ஒரு முறையாவது ஓட்டுங்கள், இரவில் விட்டால் காலைக்குள் முடியும். நகல் டிஸ்கை எந்நேரமும் செருகி வைக்கவும் வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது உலகமே பார்த்தது: பிணைப்பணம் கேட்கும் வைரஸ், கம்ப்யூட்டரில் இருப்பதோடு அதில் செருகியிருக்கும் டிஸ்கில் இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எங்கள் நகல்2 இப்போது என் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது.

புகார் கொடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. 2019ஆம் வருடச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு இருக்கிறது. எங்கள் மாதிரிச் சின்ன ஸ்டூடியோ அந்த விலக்கில் வருமா என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும் என்று வக்கீல் சொல்கிறார். அதைவிடப் பெரிய தலைவலி அந்த எஸ்டிமேட் சீட்டு. எங்களிடம் மிஞ்சியிருப்பது ஜிபேயில் பணம் போனதற்கான பதிவும், "செருகினால் போதும் அக்கா" என்று அந்தத் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியும்தான். வக்கீல் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதே மாதிரி உங்கள் அலுவலகத்திலும் யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், அடுத்த முறை டிஸ்கைச் செருகுவதற்கு முன்பே அந்தச் சாப்ட்வேரைத் திறந்து, தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பிறகு மிரர் என்று இருக்கிறதா, அழித்தவை எங்கே போகின்றன, டிரைவ் எழுத்தா டிஸ்க் பெயரா என்று பாருங்கள். புது டிஸ்க் வாங்கி வந்திருந்தால் இதையெல்லாம் பார்த்து முடிக்கும் வரை பெட்டியைப் பிரிக்காதீர்கள்.