ஐஓடாப்பா, ஃபாட்ரேஸா: டிஸ்கில் எழுதுவது யார்?

லினக்ஸில் நீங்கள் எதுவும் செய்யாதபோதும் டிஸ்க் விளக்கு மினுமினுத்துக்கொண்டே இருந்தால், பலரும் முதலில் ஓட்டுவது ஐஓடாப் (iotop) என்ற கட்டளை. எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) நொடிக்கு எவ்வளவு எழுதுகிறது என்று காட்டும். ஆனால் வெறுமனே ஓட்டினால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், கண்ணில் நிற்காது. ‘ஏ’ ஆப்ஷனைச் சேர்த்தால், தொடங்கியதிலிருந்து எழுதிய மொத்தத்தைக் கூட்டிக்கொண்டே வரும். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், சில நேரம் முதலிடத்தில் நிற்பது ஜேபிடி2. அது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையின் ஜர்னலை, அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, எழுதும் கெர்னல் த்ரெட் (லினக்ஸின் மையமே ஓட்டும் உள்வேலை). வேறு யாரோ எழுதியதால்தான் அது ஓடுகிறது. அதை நிறுத்தப் பார்ப்பதில் பயனில்லை.

அங்கேதான் ஃபாட்ரேஸ் (fatrace) என்ற இன்னொரு கட்டளை கைகொடுக்கும். யார் எந்தக் கோப்பில் எழுதினாலும் உடனே ஒரு வரி விழும்: ப்ராசஸின் பெயர், அதன் எண், எழுதியதைக் குறிக்கும் ‘டபிள்யூ’, அப்புறம் கோப்பின் முழுப் பாதை. ஃபயர்ஃபாக்ஸ் தன் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்புகளைத் தொடுவதைக்கூட நேரடியாகப் பார்க்கலாம். எத்தனை பைட் என்று மட்டும் சொல்லாது. எம்மேப் வழியாக, அதாவது கோப்பை நினைவகத்தோடு இணைத்து, எழுதுவதும் அதில் சிக்காது.

இரண்டுக்கும் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். எஸ்எஸ்டி தேய்மானம்தான் கவலை என்றால் அளவு முக்கியம், ஐஓடாப் போதும். மற்றபடி நான் முதலில் திறப்பது ஃபாட்ரேஸைத்தான். கோப்பின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.