அபே ரோட் ஸ்டுடியோ 3: ஹெட்போனில் கச்சேரி மிக்ஸ் செய்பவர்களுக்கு

அடுக்குமாடி வீட்டில் இரவில் மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலக்கும் வேலை) செய்யும் எனக்கு வேவ்ஸ் நிறுவனத்தின் இந்த பிளக்-இன், அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள், மிகவும் பிடித்துவிட்டது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து வாங்கினால் நல்லது.

ஸ்பீக்கரில் கேட்கும்போது இடப்பக்க ஒலி வலது காதுக்கும் போகும், மில்லி செகண்டுக்கும் குறைவான தாமதத்தோடு, தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கலாக. ஹெட்போனில் அது கிடையாது. அதனால் பாடகரின் குரல் நெற்றிக்குள் உட்கார்ந்துகொள்ளும். வயலினும் மிருதங்கமும் ஆளுக்கொரு காதில் ஒட்டிக்கொள்ளும். ரிவெர்ப் (அறையின் எதிரொலி போலச் சேர்க்கும் ஒலி) துல்லியமாகக் கேட்பதால் கை தானாகவே அதைக் குறைத்துவிடும். அப்புறம் ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு வறண்டு கிடக்கும்.

லண்டனில் உள்ள அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தின் மூன்றாம் ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்யும் அறையை இந்த பிளக்-இன் ஹெட்போனுக்குள் கொண்டுவருகிறது. அருகில், நடுவில், தொலைவில் என மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள். தலைச் சுற்றளவையும், பின்னந்தலை வழியாகக் காதுக்குக் காது உள்ள தூரத்தையும் டேப்பில் அளந்து கொடுங்கள், சோம்பல்பட வேண்டாம். வெப்கேமரா தலையசைவைக் கவனிப்பதால், திரும்பினாலும் ஸ்பீக்கர்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. முகத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு வேண்டும்.

என் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனில் குரல் முன்னால் வந்து நிற்கிறது. வயலினை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி எவ்வளவு இழுத்தால் பாடகர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்பது இப்போது கேட்டாலே தெரிகிறது. தொலைவு ஸ்பீக்கருக்கு மாற்றி, நிரவலில் (ஒரே வரியை விதவிதமாகப் பாடும் பகுதி) சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், தெளிவாக இருக்கிறதா, தம்புரா தூக்கலாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ரிவெர்பை முடிவு செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் அடியொலிக்கு மட்டும் இதை நம்ப மாட்டேன். ஹெட்போன் காதோடு நின்றுவிடும், அந்த அதிர்வு நெஞ்சில் தெரியாது. இந்த வகை மென்பொருள் எல்லாவற்றுக்கும் உள்ள எல்லை இது. அதை ஸ்பீக்கரிலோ காரிலோதான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று: எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் பிளக்-இன்னைக் கடைசியாக வைத்து, பாட்டைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அறையும் பாட்டிலேயே பதிந்துவிடும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், நாம் கேட்பதை மட்டும் மாற்றும் மானிட்டரிங் எஃப்எக்ஸ் பகுதியில் வைத்தால் அந்தக் கவலையே இல்லை.

காதுமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எனக்குக் கேட்பது உங்களுக்கு அப்படியே கேட்காது. டெமோவைப் போட்டு, நன்றாகப் பழகிய ஒரு பதிவைக் கேளுங்கள். குரல் தலைக்கு வெளியே வந்தால், அடுத்த தள்ளுபடியில் தயங்காமல் வாங்கலாம்.