கைபேசியா, கையடக்க கன்சோலா: கேம் விளையாட எது சரி?

2009 செப்டம்பரில் ஆப்பிள் புது ஐபாட் டச்சை மேடையேற்றியபோது, அதைப் பாட்டுக் கேட்கும் கருவியாக மட்டும் காட்டவில்லை. நிண்டெண்டோ டிஎஸ், சோனி பிஎஸ்பி என்ற இரண்டு கையடக்க கன்சோல்களையும் போட்டியாளர்களாகக் குறிப்பிட்டு, யாரிடம் எத்தனை கேம் இருக்கிறது என்று திரையில் கணக்குப் போட்டது. ஆப்பிள் பக்கம் 21,000-க்கும் மேல். டிஎஸ்ஸுக்கு நாலாயிரம்கூட இல்லை. பிஎஸ்பிக்கு சில நூறுதான். கேம் விளையாடத் தனிக் கருவி இனி எதற்கு என்ற கேள்வி அன்று முதல் ஓயவில்லை.

எண்ணிக்கையில் மட்டுமல்ல, சிப்பின் வேகத்திலும் திரையின் துல்லியத்திலும் கைபேசி எப்போதோ முந்திவிட்டது. 2017-ல் வந்த நிண்டெண்டோவின் கையடக்க கன்சோலான ஸ்விட்சுக்குள் இருந்தது 2015-லேயே வெளியான டெக்ரா எக்ஸ்1 சிப். அது விற்பனைக்கு வந்த நாளிலேயே அதைவிட வேகமான கைபேசிகள் கடைகளில் இருந்தன. அப்படியும் ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. ஆக, வேகத்தை வைத்து ஒப்பிட்டால் இந்தப் போட்டி புரியாது. கட்டைவிரலில் இருந்து தொடங்க வேண்டும்.

தொடுதிரையில் ஓட, குதிக்க, குறிபார்க்க எல்லாவற்றுக்கும் விரல் திரைமேல்தான் இருந்தாக வேண்டும். பார்க்க வேண்டிய இடத்தையே விரல் மறைக்கிறது. பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. கொஞ்சம் விலகிப்போனாலும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். 1982-ல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்கக் கேம் கருவி ஒன்றில் கூட்டல் குறி வடிவ திசைப் பட்டனைக் கொண்டுவந்தார். கீழே பார்க்காமலேயே விரலுக்குத் திசை தெரியும் என்பதுதான் அதன் சிறப்பு. நாற்பது வருடம் தாண்டியும் அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. துல்லியமாகத் தாவ வேண்டிய பிளாட்ஃபார்மர் கேமையும் சண்டை கேமையும் கண்ணாடிமேல் ஆடிவிட்டு, அதையே பட்டனில் ஆடிப் பாருங்கள். கண்ணாடியில் தோற்றால் தப்பு நம்முடையதா கருவியுடையதா என்ற சந்தேகம் வரும். பட்டனில் அந்தச் சந்தேகம் இல்லை.

ஆனால் தொடுதிரைக்கென்றே பிறந்த கேம்கள் இருக்கின்றன. 2009 டிசம்பரில் வந்த ஆங்ரி பேர்ட்ஸில் கவணை இழுத்து விடுவதை எந்தப் பட்டனாலும் அவ்வளவு இயல்பாகச் செய்ய முடியாது. சீட்டு, சதுரங்கம், புதிர், வார்த்தை விளையாட்டு, முறை வைத்து ஆடும் உத்தி கேம்கள் எல்லாம் கைபேசியில் அருமையாக அமையும். இவைதான் உங்கள் விருப்பம் என்றால் தனிக் கருவிக்குச் செலவழிக்க அவசியமே இல்லை. நேர்மையாகச் சொன்னால் விளையாடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகைதான்.

கைபேசியின் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும் பேக்போன், ரேசர் கிஷி போன்ற கன்ட்ரோலர்களும் வந்துவிட்டன. விரல் பிரச்சினையில் பாதிக்கு மேல் அவை தீர்த்துவிடும். மீதிப் பாதி கேமைப் பொறுத்தது. சில கேம்கள் கன்ட்ரோலரை முழுதாக ஏற்கின்றன, சில அரைகுறையாக, நிறைய கேம்கள் கண்டுகொள்வதே இல்லை. கன்சோலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் எல்லாருடைய கையிலும் அதே பட்டன்கள்தான் இருக்கின்றன என்று தெரிந்தே கேமை உருவாக்குகிறார்கள்.

அடுத்தது காசு. என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் இதயமே இதுதான். கருவியின் விலையைவிட, கேம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்த பிறகு கேமின் விலை சில வருடங்களுக்குள் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அப்புறம் இலவசமே வழக்கமாகிவிட்டது. இலவச கேமும் எங்கிருந்தாவது சம்பாதித்தாக வேண்டுமே. அதனால் கேமின் அமைப்பே மாறியது. 'எனர்ஜி' தீர்ந்துவிட்டது, நாலு மணி நேரம் காத்திரு, இல்லை காசு கொடு. நல்ல கதாபாத்திரம் வேண்டுமா, குலுக்கலில் காசு போட்டுப் பார். தினமும் வந்து தலையைக் காட்டு, இல்லாவிட்டால் பரிசு போய்விடும். 2020-ல் வந்த கென்ஷின் இம்பாக்ட் அழகிலும் பரப்பிலும் கன்சோல் கேம்களுக்குச் சளைத்ததல்ல. ஆனால் அதுவும் குலுக்கல்மேல் நிற்கும் கேம்தான்.

கன்சோலில் முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். பெரிய கேம் 60, 70 டாலர் ஆகிறது, அது பெரிய தொகை. ஆனால் வாங்கிய பிறகு, உங்களைத் தடுத்து நிறுத்திக் காசு கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அடுத்த கட்டத்தைக் கடினமாக்குவது அது சுவாரசியமாக இருக்கும் என்பதற்காக மட்டும்தான். இந்த ஒரு வித்தியாசமே எனக்குப் பத்து சிப்புகளுக்குச் சமம்.

நிண்டெண்டோவே கைபேசியில் இதை முயன்று பார்த்தது. 2016 டிசம்பரில் வந்த சூப்பர் மாரியோ ரன்னில் முதல் சில கட்டங்கள் இலவசம், பிறகு 9.99 டாலர் ஒரே தடவை கொடுத்தால் முழு கேமும் உங்களுக்கு. கோடிக்கணக்கானவர்கள் இறக்கிக்கொண்டார்கள். ஆனால் வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று நிறுவனமே சொன்னது. கைபேசியில் கேமுக்குக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

விதிவிலக்குகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்டார்டியூ வேலி, டெட் செல்ஸ், ஸ்லே த ஸ்பையர் போன்றவை கைபேசியிலும் ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் கேம்கள்தான். கன்சோலைவிட மலிவாகவே கிடைக்கின்றன. 2019-ல் தொடங்கிய ஆப்பிள் ஆர்கேடில் மாதச் சந்தாவுக்கு விளம்பரமோ குலுக்கலோ இல்லாத கேம்கள் வருகின்றன. தேடினால் நல்லது கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். கைபேசிக் கடையின் முகப்பு அந்தத் தேடலுக்கு உதவுவதில்லை.

சூடும் பேட்டரியும்: ஐபோன் 15 ப்ரோவில் ரெசிடென்ட் ஈவில் 4-ம் டெத் ஸ்ட்ராண்டிங்கும் ஓடுகின்றன. கைபேசிக்குள் இது சாத்தியமா என்று வியக்க வைக்கும் சாதனைதான். ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் விசிறி கிடையாது. கனமான கேமைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் சூடேறும், சூட்டைக் குறைக்கச் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தடுமாறத் தொடங்கும். ஸ்விட்சிலும், கணினி கேம்களை ஓட்டும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கிலும் விசிறி இருக்கிறது. முதல் நிமிடம் கிடைத்த வேகம் இரண்டாவது மணி நேரத்திலும் கிடைக்கும். அதற்கு எடையில் விலை கொடுக்கிறோம். முதல் ஸ்டீம் டெக் 669 கிராம். படுத்துக்கொண்டு விளையாடினால் மணிக்கட்டு வலிக்கும். கனமான கேமில் அதன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் அது தீர்ந்தால் விளையாட்டு மட்டும்தான் நிற்கும். கைபேசியில் பேட்டரி தீர்ந்தால் அழைப்பும் வழிகாட்டும் வரைபடமும் பணம் செலுத்தும் வசதியும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. கேம் நடுவே அழைப்பு வந்து பேசிவிட்டுத் திரும்பினால், கைபேசி நினைவகத்தை மிச்சப்படுத்தப் பல நேரம் அந்த கேமை மூடியிருக்கும். அப்போது முதலிலிருந்து திறக்க வேண்டும். டிஎஸ்ஸை மூடி வைத்தால் அப்படியே தூங்கும், திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் இதைச் செய்கின்றன. பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம் ஆடலாம் என்ற சௌகரியம் கைபேசிக்கே உரியது என்று நினைக்கிறோம். நீண்ட கேம்களில் அந்தச் சௌகரியத்தைச் சரியாகத் தருவது கன்சோல்தான்.

பாட்டும் படமும் பார்க்கும் கருவி என்ற பக்கத்துக்கு வருவோம். இங்கே கைபேசி முழு வெற்றி. 2004-ல் வந்த பிஎஸ்பி 4.3 அங்குலத் திரையோடு, யூஎம்டி என்ற சோனியின் சிறு வட்டில் சினிமாவும் போட்டுப் பார்க்கலாம் என்ற பெருமையோடு வந்தது. அந்த வட்டுப் படங்கள் சில வருடங்களிலேயே மறைந்தன. வட்டே இல்லாத பிஎஸ்பி கோ 2009-ல் வந்து 2011-ல் நின்றது. ஓஎல்இடி திரை, கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு குச்சி, முன்னும் பின்னும் தொடுபரப்பு என்று அற்புதமாக வந்த, பிஎஸ்பிக்கு அடுத்த கருவியான பிஎஸ் வீட்டாவின் விற்பனை பிஎஸ்பியின் அருகில்கூட வரவில்லை. அதற்கென்றே தனி மெமரி கார்டு, அதுவும் கொள்ளை விலையில் வாங்க வைத்ததும் ஒரு காரணம். வீட்டாவின் கட்டமைப்பு இன்றும் எனக்குப் பிடிக்கும். அதற்கு அமைந்த விதிதான் நியாயமில்லாதது.

எதிர்ப்பக்கமான கைபேசியிலிருந்து வந்த முயற்சிகளும் நிலைக்கவில்லை. நோக்கியா 2003-ல் கொண்டுவந்த என்-கேஜ் என்ற கேம் கைபேசியில் கேம் மாற்ற வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். 2011-ல் வந்த எக்ஸ்பீரியா ப்ளே கைபேசியில் பட்டன்கள் அழகாகச் சறுக்கி வெளியே வந்தன, ஆனால் அதற்கென்று போதுமான கேம்கள் வரவில்லை. ஆப்பிளின் ஐபாட் டச்சே 2022-ல் நிறுத்தப்பட்டது. எல்லாமாகவும் இருக்கப் பார்த்த கருவிகளின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. ஸ்விட்சிலோ நாமே திறந்து பயன்படுத்தும் இணைய உலாவிகூடக் கிடையாது. கேம் ஒன்றே போதும் என்று இருந்தது பிழைத்தது.

நிண்டெண்டோவும் அடி வாங்காமல் இல்லை. 2011-ல் டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் 250 டாலருக்கு வந்து தடுமாறியது. சில மாதங்களிலேயே 170 டாலராகக் குறைத்தார்கள், தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். பிறகு வந்த நல்ல கேம்கள்தான் அதை 7 கோடியைத் தாண்ட வைத்தன.

வாங்கிய கேம் எத்தனை வருடம் இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய வகைச் சிப்புகளுக்காக எழுதிய 32 பிட் கேம்கள் எல்லாம் ஒரே அப்டேட்டில் ஓடாமல் போயின. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதே கதி. நிண்டெண்டோவின் 1989 கேம் பாய் கன்சோலில் அதன் கார்ட்ரிட்ஜைச் செருகினால் இன்றும் ஓடும் வாய்ப்பு அதிகம். ஆனால் கன்சோல் பக்கமும் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை: 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது, ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்டுகளில் கேமே இருக்காது, இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டும் இருக்கும். இதைப் பார்த்து வாங்குங்கள்.

ரெட்ராய்டு, அன்பெர்னிக் போன்றவர்களின் ஆண்ட்ராய்டு கருவிகள், கைபேசிச் சிப்பைப் பட்டன் உள்ள உடம்புக்குள் வைத்துத் தருகின்றன. பழைய கேம்களில் ஆசை உள்ளவர்களுக்கு நல்லது. மற்றவர்களுக்கு அமைத்துக்கொள்ளும் வேலை அதிகம்.

யாருக்கு எது? பயணத்தில் கால் மணி நேரம், புதிர், சீட்டு என்றால் கைபேசியே போதும். கேமை மட்டும் காசு கொடுத்து வாங்கும் வகையாகப் பாருங்கள். கதையுள்ள பெரிய கேமில் மணிக்கணக்காக மூழ்குபவருக்குக் கன்சோல்தான். கணினியில் ஏற்கெனவே ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேம் வாங்கிக் குவித்திருந்தால் ஸ்டீம் டெக், அவற்றை மறுபடி வாங்க வேண்டியதில்லை. குழந்தைக்கு என்றால் தயங்காமல் ஸ்விட்ச்: குலுக்கல் கேம்களும் நோட்டிஃபிகேஷன்களும் கைபேசி அளவுக்குத் துரத்தாது, விளையாடும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் வசதியும் கூடவே வருகிறது. இன்னும் முடிவெடுக்க முடியாதவர்கள் முதலில் ஒரு மாட்டும் கன்ட்ரோலரும் டெட் செல்ஸும் வாங்கிக் கைபேசியில் ஒரு மாதம் ஆடுங்கள். அதற்குப் பிறகும் இரவில் கை அந்தப் பட்டன்களைத் தேடினால் கன்சோலுக்குச் செலவழிக்கலாம்.