கட்டளை வரியில் வைஃபை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மூல இயங்குதளம் நிறுவிய ரௌட்டர்களின் வைஃபை அமைப்புகளைப் பல ஆண்டுகளாக எஸ்எஸ்எச் (வேறொரு கருவிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிடும் முறை) வழியாகக் கட்டளை வரியிலேயே மாற்றி வருகிறேன். இதற்குக் கைகொடுப்பவை, அமைப்புகளை மாற்றும் யூசிஐ, வயர்லெஸ் நிலையைக் காட்டும் ஐடபிள்யூ ஆகிய கட்டளைகள்; அதற்கு மேல் அறிமுகத்தைத் தவிர்க்கிறேன். அண்மையில் பழைய ரௌட்டர் பழுதாகி, அதன் இடத்தில் வேறொன்றை வைக்க நேர்ந்தபோது, இந்த முறையின் மீது எனக்குள்ள மதிப்பும் எரிச்சலும் சேர்ந்தே மேலெழுந்தன.

மதிப்புக்கான காரணம் எளிது. வயர்லெஸ் அமைப்புகள் அனைத்தும் ஒரே உரைக் கோப்பில் இருக்கின்றன. ரேடியோவைக் குறிக்கும் பகுதிகளில் அந்தந்த வன்பொருளுக்கே உரிய பாதை எழுதப்பட்டிருக்கும் என்பதால் அவற்றைத் தொடாமல், வலைப்பெயர், கடவுச்சொல், குறியாக்க முறை ஆகியவை அடங்கிய பகுதிகளை மட்டும் புதிய ரௌட்டரின் கோப்பில் ஒட்டினேன். ரௌட்டர் மாறியது தெரியாமலேயே எல்லாக் கருவிகளும் இணைந்துகொண்டன.

ஐடபிள்யூவைப் பற்றி இன்னும் தாராளமாகவே பாராட்டலாம். அதன் ஸ்டேஷன் டம்ப் என்னும் கட்டளை, இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியின் சிக்னலையும் டிபிஎம் என்னும் வலிமை அலகில் காட்டுவதோடு, மறுபடி அனுப்ப வேண்டியிருந்த பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறது. சிக்னல் −55 என்று வலுவாக இருந்தும் வேகம் வராதபோது சர்வே டம்ப் என்னும் இன்னொரு கட்டளையைப் பார்ப்பேன்; ரேடியோ அந்தச் சேனலில் (அலைவரிசைப் பிரிவில்) இருந்த நேரத்தில் எவ்வளவு நேரம் காற்று பரிமாற்றங்களால் நிறைந்திருந்தது என்பது அதில் தெரியும், வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதைத் தந்தால். தன் வெளியீட்டின் வடிவம் நிலையானதல்ல, நிரல் கொண்டு அதைப் பிரித்தெடுக்க வேண்டாம் என்று ஐடபிள்யூ தன் உதவிக் குறிப்பிலேயே எச்சரிக்கிறது. நான் எழுதிய சிறு நிரல்களான ஸ்கிரிப்ட்டுகள் அந்த எச்சரிக்கையை மதிப்பதில்லை என்பது வேறு கதை.

என் பொறுமையைச் சோதிப்பது யூசிஐ. ஒரு மதிப்பை மாற்றினால் அது முதலில் தற்காலிக இடத்தில் நிற்கும். நிலுவையில் உள்ள மாற்றங்களைப் பட்டியலிட்டுப் பார்க்கலாம், வேண்டாமென்றால் கைவிடலாம், உறுதிப்படுத்தும் கட்டளையான கமிட் கொடுத்தால் மட்டுமே கோப்பில் ஏறும். இவ்வளவு நிதானமாக வடிவமைக்கப்பட்ட வரிசை, வைஃபையை மறுஏற்றம் செய்யும் கடைசிக் கட்டளையில் தன் நிதானத்தையெல்லாம் இழந்துவிடுகிறது. நான் அந்தக் கட்டளையைத் தருவதே வைஃபை வழியாக என்னும்போது, புதிய அமைப்பில் ஏதேனும் பொருந்தாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும், அறுந்த பிறகு திருத்துவதற்கான வழியும் அதோடு போய்விடும். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலைதான் இது. சேனல் என்னும் அமைப்பு விருப்பத்தின் (ஆப்ஷன்) பெயரில் ஓர் எழுத்து விடுபட்டாலும் யூசிஐ மறுப்பேதும் சொல்லாமல் அதைப் புதிய விருப்பமாகச் சேமித்துக்கொள்ளும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ராடார்களும் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நிலைமை மேலும் குழப்பமானது. 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ராடார் இருக்கிறதா என்று ரௌட்டர் முதலில் 60 வினாடிகளாவது காதுகொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். வானிலை ராடார்கள் இயங்கும் பகுதிக்கு ஐரோப்பிய விதிகள் 10 நிமிடம் கேட்கின்றன. அந்த நேரமெல்லாம் வலைப்பெயர் எங்கும் தென்படாது. ஆகவே எந்த நாட்டின் விதிகள் பொருந்தும் என்று ரௌட்டருக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டை நான் தவறாகக் கொடுத்துவிட்டேனா, அல்லது ரௌட்டர் விதிப்படி காத்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது.

கட்டளை வரி என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. ஜூனிப்பர் நிறுவனத்தின் நெட்வொர்க் கருவிகளுக்கான இயங்குதளமான ஜூனோஸில் கமிட் கன்ஃபர்ம்டு என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடுகிறது. மைக்ரோடிக் நிறுவனத்தின் ரௌட்டர்களில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்திப் பாதுகாப்பு நிலைக்குள் சென்றுவிட்டால், இணைப்பு அறுந்ததும் மாற்றங்கள் ரத்தாகின்றன. இவ்வளவு ஏன், ஓப்பன்டபிள்யூஆர்டியின் உலாவிப் பக்கமான லூசியே மாற்றத்தைச் செயல்படுத்திவிட்டு, உலாவி மீண்டும் தொடர்புகொள்ளவில்லையென்றால் பின்வாங்கிவிடும். அதாவது அந்த ஏற்பாடு அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது; யூசிஐ கட்டளைக்கு மட்டும் அதற்கொரு வாசல் வைக்கப்படவில்லை.

நியாயமாகச் சொன்னால், கேபிளைச் செருகிக்கொண்டு வேலை செய்பவருக்கு இவற்றில் பாதி பொருந்தாது. கூரைக்கு அருகில் பொருத்தப்பட்ட ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (வைஃபை பரப்பும் கருவிக்கு) ஏணியோடு போக வேண்டியவருக்கோ கேபிளைச் செருகு என்னும் அறிவுரையால் பயனில்லை. ஆகவே மறுஏற்றத்துக்கு முன் அமைப்புக் கோப்பை நகலெடுத்து வைத்து, சில நிமிடங்கள் கழித்து அந்த நகலை மீட்டு வைஃபையை மறுபடி ஏற்றும் சிறு ஸ்கிரிப்ட்டைப் பின்னணியில் ஓடவிடுகிறேன். மீண்டும் உள்ளே நுழைய முடிந்தால் அதை நிறுத்திவிடுவேன். எஸ்எஸ்எச் அமர்வு முறிந்தாலும் அது சாகாதபடி தனியாகப் பிரித்து ஓட்டுவது அவசியம், காத்திருக்கும் நேரமும் ராடார் சோதனையைவிட நீளமாக இருக்க வேண்டும். இது ஒழுங்காகவே வேலை செய்கிறது. இத்தனை பதிப்புகள் வந்த பிறகும் இதை நானே எழுதி வைத்திருக்க வேண்டியிருப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

யாராவது கேட்டால், லூசி போதும், கட்டளை வரிப் பக்கமே போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தர எனக்கு மனமில்லை. என்னுடைய புதிய ரௌட்டரில் லூசி சேர்க்கப்படாத ஓப்பன்டபிள்யூஆர்டி இமேஜைத்தான் (நிறுவல் கோப்பைத்தான்) நிறுவியிருக்கிறேன்.