பிரிஸ்டலின் 'சாரி': எதற்குப் போகலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

இந்த அமைப்பின் பெயரைத் தமிழில் எழுதினால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். ஸ்டாண்ட் அகைன்ஸ்ட் ரேசிசம் அண்ட் இன்ஈக்வாலிட்டி என்பதன் சுருக்கம்தான் சாரி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துத் தொண்டு அமைப்பு. 1990களின் தொடக்கத்தில், இன வெறுப்பால் தாக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது. இன்று இனம், மதம், உடல் அல்லது மனக் குறைபாடு, பாலீர்ப்பு, திருநர் அடையாளம் என்று எதை வைத்து வெறுப்பைக் காட்டினாலும் புகாரை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஐந்தும் அந்நாட்டுப் போலீஸ் வெறுப்புக் குற்றம் என்று தனிக் கணக்கு வைக்கிற வகைகள். பிரிஸ்டலும் சுற்றியுள்ள சவுத் குளோஸ்டர்ஷயர், பாத், நார்த் சாமர்செட் பகுதிகளும் இவர்களுடைய வட்டாரம். கட்டணம் கிடையாது. பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்பதில்லை. குடும்பத்தார், நேரில் பார்த்தவர் யாரும் சொல்லலாம். போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இங்கே போனால் கிடைப்பது ஒரு கேஸ்வொர்க்கர். அவர் வக்கீலும் அல்ல, போலீசும் அல்ல. போலீசில் ஒன்று, கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) வீட்டுப் பிரிவில் ஒன்று, பள்ளியில் ஒன்று, டாக்டரிடம் ஒன்று என்று துண்டு துண்டாகக் கிடக்கும் புகார்களை ஒரே கோப்பாகக் கட்டி, 'இதெல்லாம் ஒரே ஆள், ஒரே காரணம், பாருங்கள்' என்று எல்லாருக்கும் எழுதி, பதில் வரும்வரை விடாமல் கேட்பதுதான் அவருடைய வேலை. சொல்லும்போது சின்ன வேலையாகத் தெரியும். பிரிஸ்டல்காரர்களுக்கு அப்படித் தெரியாது.

காரணம் பிஜன் இப்ராஹிமி. ஈரானிலிருந்து அகதியாக வந்தவர், மாற்றுத்திறனாளி, பிரிஸ்டலின் பிரிஸ்லிங்டன் பகுதியில் கவுன்சில் வீட்டில் தனியாக இருந்தவர். தன் பூத்தொட்டிகளை நாசம் செய்கிறவர்களை ஆதாரத்துக்காகப் படம் எடுத்தார். குழந்தைகளைப் படம் எடுக்கிறார் என்று அண்டை வீட்டார் கதை கட்டினார்கள். போலீஸ் வந்து அவரையே கைது செய்தது. விடுவித்த பிறகு அவர் திரும்பத் திரும்பப் போன் செய்தும் யாரும் வரவில்லை. 2013 ஜூலை 14 அன்று பக்கத்து வீட்டுக்காரன் அவரை அடித்துக் கொன்றான். உடலுக்குத் தீ வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிளும் ஒரு போலீஸ் உதவி அலுவலரும் சிறைக்குப் போனார்கள். 2007 முதல் 2013 வரை அவர் போலீசுக்குச் சொன்ன சம்பவங்கள் 73. அதில் குறைந்தது 40 தடவை குற்றம் என்று பதிவே செய்யவில்லை என்று போலீஸ் புகார் ஆணையம் கண்டறிந்தது. 2017 டிசம்பரில் வந்த பல்துறை ஆய்வறிக்கை கவுன்சிலிலும் போலீசிலும் அமைப்பு ரீதியான இனவெறி இருந்ததற்குச் சான்று உண்டு என்றே எழுதியது. குடும்பத்துக்குத் துணையாக நின்ற அமைப்பு சாரி.

அந்த 73-ஐ யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. பலவற்றை 'பக்கத்து வீட்டுச் சண்டை' என்று எழுதி மூடினார்கள். பொய் சொல்கிறவர், தொல்லை பிடித்த ஆள் என்று அவர்மேலேயே முத்திரை விழுந்தது. இந்த அமைப்பைக் கேஸ் நடத்திக் கொடுக்கும் இடமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். 'ரெண்டு பக்கமும் தப்பு' என்று எழுதிவிட்டுப் போகவிடாத இடமாகப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

அதற்கு நம் பக்கம் செய்ய வேண்டியது, குறிப்பேடு. இதில்தான் பெரும்பாலான புகார்கள் சொதப்புகின்றன. ஒரு சாதாரண நோட்டுப் போதும். சம்பவம் ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், சரியான இடம், யார், யார் பார்த்தது, யாரிடம் சொன்னோம், அவர்கள் கொடுத்த எண் இவ்வளவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொல்லை கொடுத்தவன் வாயிலிருந்து வந்த வார்த்தை, வந்தபடியே. நம் ஆட்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'அசிங்கமாகத் திட்டினான்', 'கெட்ட வார்த்தை சொன்னான்' என்று நாகரிகமாக எழுதிவிட்டு வருவார்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் நடக்கும்போதோ அதற்குச் சற்று முன்னோ பின்னோ இனத்தையோ மதத்தையோ வைத்து விரோதம் காட்டினான் என்றோ, அந்த விரோதத்தால்தான் குற்றத்தையே செய்தான் என்றோ நிரூபித்தால்தான் அது கடுமையான பிரிவுக்குப் போகும். அதை நிரூபிப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை வார்த்தைதான். 'அசிங்கம்' என்று எழுதினால் சாதாரணச் சண்டை. வார்த்தையை அப்படியே எழுதினால் வேறு வழக்கு.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கலாம். காயமில்லாத சாதாரண அடிதடிக்கு உச்சத் தண்டனை 6 மாதம். அதுவே இன விரோதத்தோடு என்றால் 2 வருடம். இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண அடிதடியில் பொதுவாக 6 மாதத்துக்குள் வழக்கைத் தொடங்காவிட்டால் அத்தோடு போச்சு. இன விரோதப் பிரிவுக்கு அந்தக் கெடு கிடையாது. கோப்பு மேசை மேசையாகத் தூங்கி ஏழாவது மாதம் வெளியே வரும்போது, முதல் நாள் எந்தப் பிரிவில் பதிந்தார்கள் என்பதுதான் கேஸ் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். ஆரம்பத்திலேயே கேஸ்வொர்க்கர் போலீசுக்கு எழுதி, வெறுப்புக் குற்றம் என்ற குறி கோப்பில் விழுந்திருக்கிறதா என்று கேட்பது இதற்காகத்தான்.

ஆனால் பதிவது வேறு, நிரூபிப்பது வேறு. லண்டனில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கைப் போலீஸ் கையாண்ட விதம் பற்றி 1999-இல் வந்த மேக்பெர்சன் அறிக்கைக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவெறி என்று கருதினாலே சம்பவத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அணுகுமுறை வந்தது. கோர்ட்டில் அது போதாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். 'போலீசே வெறுப்புக் குற்றம் என்று எழுதியதே, கோர்ட்டில் ஏன் நிற்கவில்லை' என்று குமுறுகிறவர்களுக்கு இந்த இடைவெளியை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும். நல்ல கேஸ்வொர்க்கர் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆதாரங்களில் அவசரமானது கேமராப் பதிவு. கடை, பஸ், அடுக்குமாடி எதுவானாலும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். பல இடங்களில் ஒரு மாதத்துக்குள் அழிந்துவிடும், பஸ்ஸில் அதற்கும் முன்பே. எந்தக் கேமரா, எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை மணி என்று எழுதி, எடுத்து வைக்கச் சொல்லிப் போலீசுக்கு அன்றே மெயில் போட வேண்டும். கதவில் எதையாவது கிறுக்கியிருந்தால் துடைக்கும் முன் இரண்டு படம்: ஒன்று கிட்டத்தில், இன்னொன்று வீட்டு எண் தெரிகிற மாதிரி தள்ளி நின்று.

வீட்டுப் பக்கத் தொல்லைதான் இந்த மாதிரி அமைப்புகளுக்கு அதிகம் வேலை வைப்பது. குற்ற வழக்கு தள்ளாடும் இடத்தில் சிவில் வழி கைகொடுக்கும். கவுன்சிலோ, குறைந்த வாடகைக்கு வீடு தரும் வீட்டுச் சங்கமோ வீட்டுக்காரராக இருந்தால், தொல்லை கொடுப்பவன்மேல் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடையாணை கேட்கலாம். அங்கே 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவு நிரூபணம் போதும். வன்முறையோ, பெரிய ஆபத்தோ இருந்தால் அவனை அவன் வீட்டிலிருந்தே வெளியேற்றவும் கோர்ட்டால் முடியும். தனியார் வீட்டுக்காரர் என்றால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். பெரும்பாலும் அவர் அலட்டிக்கொள்ள மாட்டார்.

அதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. முன்பு கம்யூனிட்டி டிரிகர் என்றார்கள், இப்போது கேஸ் ரிவ்யூ. ஆறு மாதத்துக்குள் மூன்று புகார் கொடுத்தும் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்றால், கவுன்சில், போலீஸ், வீட்டுச் சங்கம் எல்லாரும் கூடி என்ன செய்தோம் என்று பார்த்தாக வேண்டும். நிபந்தனையைக் கவனியுங்கள்: சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் சொன்ன புகார்தான் கணக்கில் சேரும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தீபாவளிக்கு நடந்ததைப் பொங்கலுக்குச் சொன்னால் எண்ணிக்கையில் வராது. குறிப்பேடு இங்கேயும் காப்பாற்றும்.

இனி குறைகள். இது அவசர உதவி அல்ல. கதவை உதைத்துக்கொண்டிருக்கும்போது அழைக்க வேண்டியது 999, சாரியை அல்ல. அதே போல, வீடு மாற்றித் தருகிற அதிகாரமோ கைது செய்கிற அதிகாரமோ இவர்களிடம் இல்லை; கடிதமும் கூட்டமும் மட்டும்தான் ஆயுதம். எதிர்த்தரப்பு அலுவலர் கல்லுளிமங்கனாக இருந்தால் வாரங்கள் ஓடும்.

பணம் வருகிற வழியும் ஒரு உறுத்தல். கவுன்சிலும் போலீஸ் மேற்பார்வை ஆணையரும் இந்தச் சேவைக்குக் காசு கொடுக்கிறார்கள். காசு கொடுப்பவரைத்தான் கேள்வியும் கேட்க வேண்டும். இப்ராஹிமி விஷயத்தில் வெளிப்படையாகவே பேசினார்கள் என்பதால் சாரிமேல் அந்தச் சந்தேகம் பெரிதாக எழவில்லை. ஆனாலும் போலீஸ்மேலேயே புகார் என்றால், இலவசச் சட்ட உதவி தரும் சட்ட மையம் ஒன்றையும் கூட வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சமரசப் பேச்சு என்று யாராவது ஆரம்பித்தால் யோசியுங்கள். தெருவில் பந்து விளையாடும் பையன் ஒருநாள் ஏதோ கத்தினான் என்றால் சரி, உட்கார்ந்து பேசலாம். பல சமயம் அது கோர்ட்டைவிட நன்றாகவே முடியும். ஒருவர் அடிக்கிறார், ஒருவர் அடி வாங்குகிறார் என்றால் அது சமரசத்துக்கான விஷயமே அல்ல. மறுபடியும் 'இருதரப்புத் தகராறு' என்ற பழைய பெட்டிக்குள் போய் விழுவீர்கள். வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு.

பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் சமத்துவப் பயிற்சி தருவது இவர்களுடைய இன்னொரு முகம். ஒருநாள் வகுப்பால் யார் மனசும் மாறாது என்பது என் கட்சி. ஆனால் பயிற்சிக்கு வந்த பள்ளியில், பிறகு ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு லாபம்தான்.

வழக்கு கைவிடப்பட்டால் அதோடு தீரவில்லை. முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லும் உரிமை உண்டு. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் முடிவு என்றால் 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும், சீக்கிரம் கேட்பது நல்லது. காயம் பட்டிருந்தால் அரசு இழப்பீட்டு ஆணையத்துக்குப் பொதுவாக 2 வருடக் கெடு. அது முக்கியமாக வன்முறைக் காயங்களுக்கானது. வெறும் வசவுக்குக் கிடைக்காது. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது எதிரியின் முகம் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்து பேச முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காமலும் போகும்.

விசா இல்லாதவர்கள், விசா முடிந்தவர்கள் கவனிக்க: போலீசுக்கும் குடிவரவுத் துறைக்கும் நடுவே சுவர் கிடையாது, தகவல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் போலீசுக்கு முன்னால் இந்த மாதிரி அமைப்பிடம் பேசுவதுதான் சரி. சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. மாணவர் விசாவோ அகதி விண்ணப்பமோ முறையாக இருப்பவர்கள், குற்றத்துக்கு ஆளானேன் என்று சொல்வதால் அது கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

பிரிஸ்டல் வட்டாரத்துக்கு வெளியே இருந்தால் போலீசின் ட்ரூ விஷன் தளத்தில் பதியலாம். பாலீர்ப்பு, திருநர் சார்ந்ததென்றால் கேலப் என்ற தொண்டு அமைப்பு. லீட்ஸில் தொடங்கிய ஸ்டாப் ஹேட் யூகே என்ற தொண்டு அமைப்பும் இருக்கிறது. உங்கள் ஊர் அதன் உதவி எண்ணுக்குள் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சு தமிழில்தான் வரும் என்றால் முதல் அழைப்பிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். போலீஸ் விசாரணைக்கும் அது இலவசம். வீட்டுப் பிள்ளையை நடுவில் உட்கார வைக்காதீர்கள். அப்பாவைத் திட்டிய வார்த்தையை எந்தப் பிள்ளையும் முழுசாகத் திருப்பிச் சொல்லாது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நோட்டில் எழுதிய அந்த வார்த்தை அதில் அப்படியே இருக்கிறதா, இல்லை 'அவதூறாகப் பேசினார்' என்று மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறியிருந்தால் திருத்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.